வயிற்றுக்கு ஒரு வழி, தொண்டைக்கு ஒரு வழி

"குழாய் போடற அளவுக்கு ஆயிடுச்சா?" என் மனைவிக்குத் தொண்டைப் புற்றுநோய்க்கான சிகிச்சை நடந்த நாட்களில் இந்தக் கேள்வியைப் பலரும் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் எங்கள்மேல் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு இருந்தது. வாயால் சாப்பிடும்வரை போராடுகிறோம், உணவு செலுத்தும் குழாய் வந்துவிட்டால் தோற்றுவிட்டோம் என்கிற தீர்ப்பு. அதைத் தொட்டே இன்னொன்றும் வரும்: "எப்படியாவது சாப்பிட வைங்க, சாப்பிட்டாதானே தெம்பு வரும்?" அப்போது தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். பதில் சொல்ல நேரமும் இல்லை, மனசும் இல்லை. சிகிச்சை முடிந்து இவ்வளவு நாள் ஆன பிறகும் அந்தச் சொற்கள் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கின்றன. இன்றைக்கு அதே இடத்தில் நிற்கும் வேறு யாரோ அதே சொற்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதை நம்பிக் குழாயைத் தள்ளிப்போடுவார்கள், இல்லையென்றால் குழாய் வந்ததும் தொண்டையைக் கைவிட்டுவிடுவார்கள். இரண்டுமே ஆபத்து.

அவளுக்குக் கட்டி இருந்தது நாக்கின் அடிப்பகுதியில், தொண்டையை ஒட்டிய பின்பக்கத்தில். அறுவை சிகிச்சை இல்லாமல் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுப்பது என்று முடிவானது. இந்த வகைப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவு 70 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதை 35 தவணைகளாகப் பிரித்து, வாரத்துக்கு 5 நாள் வீதம் 7 வாரம் கொடுப்பார்கள். முகத்துக்கும் தோளுக்கும் அளவாகச் செய்த முகமூடியை மாட்டி, அசையாமல் படுக்கவைத்து, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள். அந்த நேரத்தில் வலி எதுவும் கிடையாது. முதல் இரண்டு வாரம் பெரிய மாற்றமும் தெரியாது. "நல்லாத் தாங்கிக்கறாங்களே" என்று எல்லோரும் சொன்னது அப்போதுதான். கதிர்வீச்சின் பாதிப்பு உள்ளுக்குள் சேர்ந்துகொண்டே போகிறது என்பது மூன்றாவது வாரத்தில்தான் உறைத்தது. வாய்க்கும் தொண்டைக்கும் உட்பக்கம் இருக்கும் மெல்லிய சவ்வால் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடிவதில்லை. உரிகிறது, புண்ணாகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அடிபடுவதால் எச்சில் குறைகிறது, இருக்கும் கொஞ்சமும் கெட்டியாகித் தொண்டையில் நூல் நூலாக நிற்கிறது. துப்பவும் வராது, விழுங்கவும் வராது. நாக்கு சுவையை இழக்கிறது. அவளுக்கு முதலில் எல்லாமே உலோகமாகத் தெரிந்தது, அப்புறம் எதுவுமே தெரியாமல் போனது.

பேசினால் வலிக்கும் என்பதால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டுவாள். அதில் ஒருநாள், "வெறும் தண்ணிகூட கண்ணாடித் தூளை முழுங்கற மாதிரி இருக்குங்க" என்று எழுதினாள். அதே நாளில் வீட்டுக்கு வந்த பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மனச தளர விடாதம்மா, கண்ண மூடிட்டு முழுங்கிடு" என்றார். பெரியம்மாவின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. பசி சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. அவளுக்குப் பசித்த நாட்கள் இருந்தன. வயிறு கேட்டது, தொண்டையால் கொடுக்க முடியவில்லை.

ஒரு வேளைச் சாப்பாடு

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த நாட்களில் ஒரு வேளைச் சாப்பாடு என்பது சாப்பாட்டுக்கு வெகுநேரம் முன்னாலேயே தொடங்கிவிடும். வலி மருந்து வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரமாவது ஆகும், அதனால் முதலில் அது. பிறகு வாய் கொப்பளிப்பது: ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அதில் பாதி அளவு உப்பும் கலந்து, மெதுவாக, கெட்டி எச்சில் கரைந்து வரும்வரை. கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் பக்கமே போகக் கூடாது, எரிச்சலில் உயிரே போய்விடும். அப்புறம் வாயை மரத்துப்போக வைக்கும் மருந்து. அப்புறம் நேராக நிமிர்ந்து உட்கார வேண்டும். தாடையை மார்பு நோக்கிச் சற்றே இறக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் முதல் கரண்டி. அரைக் கரண்டி என்று சொல்வதே சரி. ஒரு முறை விழுங்கி, மிச்சம் இருப்பதை இரண்டாம் முறை விழுங்கி, ஒரு சின்னக் கனைப்பு, பிறகு மூச்சு வாங்க ஒரு இடைவெளி. கண்ணில் தண்ணீர் வழியும், துடைத்துக்கொள்வாள். மறுபடியும் அரைக் கரண்டி. பாதிக் கிண்ணம் காலியாவதற்குள் மருந்தின் வேகம் குறைந்துவிடும், சாப்பாடு ஆறிவிடும், அவளும் ஓய்ந்துவிடுவாள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்தச் சிகிச்சையில் இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியாவது வேண்டும், புரதம் 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும் என்று டயட்டீஷியன்கள் சொல்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 1,500 முதல் 1,800 கலோரி. புரதம் 72 முதல் 90 கிராம். நல்ல உடல்நிலையில் இருப்பவரே அவ்வளவு புரதம் சாப்பிட யோசிக்க வேண்டும். இதை அரைக் கரண்டி அரைக் கரண்டியாக, ஒவ்வொன்றுக்கும் வலியை விலையாகக் கொடுத்து உள்ளே அனுப்ப வேண்டும்.

ஆகவே சமையலில் ஒரே விதிதான்: தொண்டையைக் கடக்கிற ஒவ்வொரு கரண்டியும் தன் வேலையை இரட்டிப்பாகச் செய்ய வேண்டும். பாலில் பால்பவுடரைக் கரைத்தால் அளவு கூடாமல் புரதம் கூடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. அதை மசித்த எதிலும் கலந்துவிடலாம். நன்றாக வெந்த முட்டையை அடித்துக் கூழாக்கிச் சேர்க்கலாம். வெறும் தெளிந்த சூப் மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், உடம்புக்கு ஒன்றும் சேராது. புளிப்பு, காரம், மொறுமொறுப்பு, கொதிக்கும் சூடு எல்லாம் விலக்கு. சிலருக்குக் குளிர்ச்சி இதம், சிலருக்கு அறை வெப்பம். நேற்று இறங்கியது இன்றைக்கு இறங்கும் என்று உத்தரவாதம் கிடையாது. அவள் நோட்டில் "இது வேணாம்" என்று எழுதினால் அது சமைத்தவன்மேல் வந்த வெறுப்பு அல்ல, அன்றைய தொண்டை நிலவரம். அதை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்ததைச் செய்ய வேண்டியதுதான்.

இதைவிடக் கடினமானது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. சாப்பிடுகிறவரின் தொண்டையையே நம் கண் பார்த்துக்கொண்டிருக்கும். ஏறுகிறதா, இறங்குகிறதா, இருமல் வருகிறதா என்று. கிண்ணத்தில் எவ்வளவு குறைந்தது என்று மனசு அளந்துகொண்டிருக்கும். இதை அவள் கவனிக்காமல் இல்லை. ஒரு மாலை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தாள். "எதிர்லயே உட்காருங்க. ஆனா என் தொண்டையைப் பாக்காதீங்க" என்று எழுதி என் பக்கம் திருப்பினாள். அன்றிலிருந்து அவள் சாப்பிடும்போது நான் ஏதாவது வாசித்துக் காட்டுவேன். செய்தித்தாள், பழைய கடிதம், எதுவானாலும் சரி. கண்ணுக்கு ஒரு வேலை கிடைத்தது, அவளுக்கும் கொஞ்சம் தனிமை கிடைத்தது. துணை என்றால் கண்காணிப்பு என்று நோய் நம்மைப் பழக்கப்படுத்திவிடுகிறது. அதிலிருந்து வெளியே வர நோயாளியே வழி சொன்னால் உடனே பிடித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எடை இறங்கியது.

அந்த வாரம்

ஒரே மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்குமேல் குறைந்தால் அதைக் கடுமையான இழப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். 60 கிலோ இருந்தவருக்கு அது வெறும் 3 கிலோ. உடை தளர்வதற்கு முன்பே அந்தக் கோட்டைத் தாண்டிவிட முடியும். அவள் தாண்டினாள். குழாய் பற்றிப் பேச்சு எடுத்தபோது அவள் முகம் இறுகிவிட்டது. "இன்னும் ஒரு வாரம் முயற்சி பண்றேன்" என்று எழுதினாள். என்னைப் பார்த்தாள், நான் ஆமோதிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள்.

மருத்துவர் அப்போது சொன்னது எங்கள் இருவருக்குமே புதிது. எடை குறைவதால் வரும் பலவீனம் மட்டும் பிரச்சினை இல்லை. முகம் மெலிந்தால் முகமூடி தளர்கிறது. கதிர் போய்ச் சேர வேண்டிய இடம் நகர்கிறது. மறுபடி அச்செடுத்து, மறுபடி திட்டமிட வேண்டி வரலாம். தண்ணீர்ச்சத்து குறைந்தால் கீமோ மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். படுத்த படுக்கையாகிச் சிகிச்சை நடுவில் நின்றுபோனால், நிற்கும் ஒவ்வொரு நாளும் கட்டிக்குச் சாதகம். தலை, கழுத்துப் புற்றுநோயில் கதிர்வீச்சை இடைவெளி இல்லாமல் முடிப்பது குணமாவதற்கான வாய்ப்போடு நேரடியாகத் தொடர்புடையது. ஆக, குழாயைப் போடுவதா வேண்டாமா என்பது கௌரவப் பிரச்சினை அல்ல. மிச்சமுள்ள தவணைகளைத் தடையில்லாமல் முடிப்பதா இல்லையா என்பதுதான் கேள்வி.

சில வாரங்களுக்கு மட்டும் என்றால் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாய் போதும். நான்கு வாரத்துக்குமேல் தேவைப்படும் என்று தெரிந்தால், வயிற்றின்மேல் சின்னத் துளையிட்டு நேராக இரைப்பைக்குள் வைக்கும் குழாயைத்தான் பெரும்பாலும் பரிந்துரைப்பார்கள். எண்டோஸ்கோப் (உடம்புக்குள் பார்க்க உதவும் கேமராக் குழாய்) வழியாக வைக்கும் இந்த முறையை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கேல் காடரர், ஜெஃப்ரி பொன்ஸ்கி என்ற இரண்டு மருத்துவர்கள் கொண்டுவந்தார்கள். விழுங்க முடியாத சில மாதக் குழந்தை ஒன்றுக்காக. பெரிய அறுவை சிகிச்சை இல்லாமல் அந்தக் குழந்தைக்குப் பாலூட்ட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தையைத் தோற்றுப்போனதாக யாரும் நினைக்க மாட்டார்கள், இல்லையா? இதை அவளிடம் சொன்னேன். அவள் எதுவும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையசைத்தாள்.

ஆனால் உண்மையான திருப்பம் குழாய் வைத்ததற்கு மறுநாள் வந்தது. விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட் அறைக்குள் வந்தார். நாங்கள் இருவரும் ஒருவித நிம்மதியில் இருந்தோம். இனிமேல் தொண்டைக்கு ஓய்வு, புண் ஆறட்டும் என்று. அவர் ஒரு கோப்பைத் தண்ணீரை அவள் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க உடம்புக்கு வேண்டியதை நாங்க குழாய்ல கொடுத்துடறோம்மா. உங்க தொண்டைக்கு வேண்டியதை நீங்கதான் கொடுக்கணும்." அவள் திகைத்தாள். இத்தனை வாரம் வயிற்றுக்காகத்தான் தொண்டையைச் சித்திரவதை செய்துகொண்டிருந்தாள். வயிற்றுக்கு வேறு வழி வந்த பிறகும் எதற்காக விழுங்க வேண்டும்?

அவர் விளக்கினார். விழுங்குவது தசைகளின் வேலை. நாக்கு பின்னால் தள்ளுகிறது, குரல்வளை மேலே ஏறுகிறது, மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்கிறது, உணவுக்குழாய் திறக்கிறது. எல்லாம் ஓரிரு விநாடிக்குள். கதிர்வீச்சு பட்ட தசைகள் இறுகும் தன்மை உள்ளவை. அவற்றுக்கு வேலையே கொடுக்காமல் சில வாரம் விட்டுவிட்டால் பிறகு வேலை செய்ய மறுத்துவிடும். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கேதரின் ஹட்செசன் குழுவினர் தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 497 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொல்கிறது. சிகிச்சைக் காலத்தில் கொஞ்சமாவது வாயால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் விழுங்கும் பயிற்சியைச் செய்தவர்களும் பின்னாளில் நன்றாகச் சாப்பிட முடிந்தது, குழாயையும் சீக்கிரமாக விட்டார்கள். இரண்டையும் செய்தவர்கள் நிலைதான் எல்லாவற்றிலும் மேல்.

அந்த ஒரு பேச்சில் எங்கள் வீட்டில் எல்லாமே இரண்டாகப் பிரிந்துகொண்டது. கலோரி, புரதம், எடை எல்லாம் குழாயின் பொறுப்பு. விழுங்குவது அவள் பொறுப்பு. அதற்கு அளவே கிடையாது. பத்து மில்லி தண்ணீரானாலும் அது வெற்றிதான், ஏனென்றால் அந்தப் பத்து மில்லியை நம்பி உடம்பு காத்திருக்கவில்லை. கிண்ணம் காலியாக வேண்டிய கட்டாயம் போனதும் அவள் விழுங்குவதற்குப் பயப்படுவது குறைந்தது.

செய்முறைகள்

குழாய்க்கென்று சில ஒழுங்குகள் உண்டு. உணவு செலுத்தும் முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். செலுத்தும்போதும் அதற்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். படுத்துவிட்டால் உணவு மேலே எதுக்களித்து நுரையீரலுக்குப் போகலாம். மாத்திரைகளை நன்றாகப் பொடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கரைத்து விட வேண்டும். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது என்பதால் மருந்தாளுநரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதெல்லாம் ஓரிரு நாளில் கைப்பழக்கமாகிவிடும்.

பயிற்சிகள்தான் பொறுமையைக் கேட்பவை. நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே மெல்லப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது. விழுங்கும்போது மேலே ஏறும் குரல்வளையை இரண்டு விநாடி அப்படியே மேலே நிறுத்திவைப்பது. தட்டையாகப் படுத்துத் தோளை எழுப்பாமல், தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பது. வாயை முடிந்தவரை அகலத் திறப்பது. மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கிடையே நுழைக்க முடிகிறதா என்று பார்த்தால் தாடை இறுகுகிறதா என்பது தெரிந்துவிடும். வலி இருக்கும்போது இவற்றைச் செய்ய யாருக்கும் தோன்றாது. நானும் எதிரில் உட்கார்ந்து சேர்ந்து செய்தேன். ஆரோக்கியமான தொண்டைக்கே குரல்வளையை மேலே நிறுத்துவது லேசில் வராது. அதைச் செய்து பார்த்தவர்கள் எவரும் "கண்ண மூடிட்டு முழுங்கிடு" என்று சொல்ல மாட்டார்கள்.

புரையேறாமல் இருக்க, குடிக்கும் திரவம் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை விழுங்கும் பயிற்சி தருபவர்களே பரிசோதித்துச் சொன்னார்கள். அதைக் கண்ணளவில் செய்யக் கூடாது. ஐடிடிஎஸ்ஐ என்று 0 முதல் 7 வரை படிநிலைகள் உள்ள சர்வதேச அளவுமுறை ஒன்று இருக்கிறது. வீட்டிலேயே சோதிக்கலாம். 10 மில்லி சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மில்லி வரை ஊற்றி, விரலை எடுத்துப் பத்து விநாடி விட வேண்டும். மிச்சம் 1 மில்லிக்கும் குறைவென்றால் நிலை 0, சாதாரணத் தண்ணீர்போல. 1 முதல் 4 மில்லி என்றால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. அதற்குமேல் நின்றால், ஆனாலும் சொட்டிக்கொண்டிருந்தால், நிலை 3. எல்லா சிரிஞ்சும் இதற்குச் சரிவராது. அளவுக்கோடுகள் 0 முதல் 10 வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். அடுப்படியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி விரலை எடுப்பேன். அவள் எட்டிப் பார்த்து மிச்சத்தைப் படிப்பாள். அது எங்கள் இருவருக்கும் பொதுவான வேலையாக இருந்தது, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

கவனிக்க வேண்டியவை உண்டு. விழுங்கியதும் இருமல், குரல் ஈரமாகக் களகளவென்று மாறுவது, காரணமில்லாத காய்ச்சல். இவை தெரிந்தால் உணவோ நீரோ நுரையீரலுக்குப் போகிறதா என்று உடனே கேட்க வேண்டும். இருமலே வராமல் சத்தமின்றிப் புரையேறுவதும் நடக்கும் என்பதால்தான் எக்ஸ்ரே திரையில் விழுங்குவதைப் பார்க்கும் பரிசோதனை வைத்திருக்கிறார்கள். வாயில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருந்து உண்டு. சிறுநீர் அடர்ந்து குறைந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ காத்திருக்கவே கூடாது.

கடைசித் தவணைக்குப் பிறகு

கடைசித் தவணை முடிந்த அன்று வாழ்த்துகள் வந்து குவிந்தன. "அப்பாடா, இனிமே எல்லாம் சாப்பிடலாம்" என்றார்கள். தொண்டைப் புண் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் அதற்கு அடுத்த ஓரிரு வாரத்தில்தான். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாத குடும்பங்கள் அந்த நாட்களில் உடைந்துபோகும். சுவை திரும்ப மாதக்கணக்கில் ஆகும். எச்சில் இன்னும் தாமதிக்கும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. அவளுக்கு இப்போதும் வறண்ட உணவு தண்ணீர் இல்லாமல் இறங்குவதில்லை.

சமைக்கும் வாசனையே அவளுக்குக் குமட்டும் என்பதால் அந்த நாட்களில் நான் வேறு அறையில் நின்றபடி எதையாவது அவசரமாகச் சாப்பிட்டு வருவேன். அவளுக்குக் கிடைக்காததை அவள் முன்னால் சாப்பிடுவது எனக்குக் கூசியது. ஒருநாள் நோட்டில், "என் முன்னாடியே சாப்பிடுங்க. நீங்க ஒளிஞ்சு சாப்பிட்டா நான் மட்டும்தான் நோயாளின்னு தோணுது" என்று எழுதினாள். அதன்பிறகு வாசனை இல்லாத எதையாவது தட்டில் போட்டுக்கொண்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்தேன். அவள் கரண்டித் தண்ணீரை விழுங்குவாள், நான் என் தட்டைக் காலி செய்வேன். துணையாக இருப்பவரும் மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிட்டே ஆக வேண்டும். இதில் எனக்கு இப்போது எந்த மாற்றுக்கருத்தும் இல்லை.

குழாயை எடுக்கும் பேச்சு வந்தபோது அவள் பயந்தாள். போடுவதற்குப் பயந்தவளேதான். குழாயைத் தொடாமல், வாயால் மட்டுமே சாப்பிட்டுச் சில வாரம் எடையை நிலையாக வைத்திருந்தால் எடுத்துவிடலாம் என்றார்கள். அந்த வாரங்களில் திங்கட்கிழமைதோறும் ஒரே எடைக்கருவியில், ஒரே நேரத்தில் ஏறி நின்றாள். எண் இறங்கவில்லை. எடுத்துவிட்டார்கள். துளை தானாகவே மூடிக்கொண்டது. கதிர்வீச்சு பட்ட தசைகள் வருடங்கள் கழித்தும் இறுகக்கூடும் என்பதால் பயிற்சி நிற்கவில்லை. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை செய்கிறாள். கழுத்தில் கதிர்வீச்சு பட்டதால் தைராய்டு குறைந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் தொடர்கிறது. அடுத்த மாதம் விழுங்கும் பரிசோதனை மறுபடி இருக்கிறது. கெட்டி உணவில் இன்னும் ஒரு படி மேலே போக அனுமதி கேட்கப்போகிறாளாம்.